அப்பாவின் பிக்கப்புக்கு நான் தேர்ந்தெடுத்த ஷாக் அப்சார்பர்

சனிக்கிழமை, காலை 10.20. உலு திராம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில் எட்டு ஷாக் அப்சார்பர்கள். நான்கு சாதாரண, மென்மையான எண்ணெய் வகை, நான்கு கேஸ் அடைத்த கடினமான வகை. அப்பாவின் பிக்கப்புக்கு நான்குதான் வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை... ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் ஊர் லாபிஸில், வீட்டு வாசலில், அந்த வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது அடித்த அதே வாசனை.

ஆட்டோமோட்டிவ் டிப்ளோமா முடித்த கையோடு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனைத் தோட்டம். மாதம் இரண்டு தடவை பிக்கப்பில் பழக்குலை ஏற்றுவார். வாரம் மூன்று நாள் அதே வண்டியில் அம்மாவை சிகாமட் டவுனுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார்.

"சாதாரணதே போடு தம்பி. அம்மா உக்காருவாங்கல்ல."

"ஒரு டன் ஏத்துற வண்டி பா. சாதாரணது ஆறு மாசத்துல லீக் ஆயிடும். நீங்க படிச்சீங்களா, நான் படிச்சேனா?"

அம்மா வாசற்படியில் நின்று சிரித்தார். "விடுங்க. இன்ஜினியர் சொல்லிட்டாரு லா."

கேஸ் வகையைத்தான் மாட்டினேன்.

அடுத்த லீவில் போனால், வண்டியின் பின்தட்டில் நான்கு மணல் மூட்டைகள். எனக்கு எரிச்சல். "எதுக்கு பா இந்த வெயிட்டு? டீசல்தான் வேஸ்ட்டு" என்று நானே இழுத்துக் கீழே போட்டேன். அப்பா அவற்றை ஓரமாக அடுக்கி வைத்தார். அதற்கடுத்த லீவிலும் மூட்டைகள் இருந்தன. அப்போதும் இறக்கினேன்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. நான் போட்ட நான்கும் இப்போது கசிகின்றன.

கடையில் இருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சாதாரணதே வாங்கு தம்பி. மணல் மூட்டைலாம் தூக்க இப்ப முடியாது."

"அத எதுக்குதான் பா ஏத்துனீங்க?"

"காலியா போனா வண்டி தூக்கித் தூக்கிப் போடும். டயாலிசிஸ் முடிஞ்சு அம்மா ஊசி குத்துன கையப் புடிச்சிக்கிட்டே வருவாங்க. பின்னாடி வெயிட் இருந்தா கொஞ்சம் பரவால்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அம்மாதான் வேணாம்னாங்க. புள்ள படிச்சிட்டு வந்து மொத மொத போட்டது, மனசு கஷ்டப்படும்னு."

போனை வைத்தேன்.

மூட்டையை இறக்கிய மறுநாள், ஒரு தடவை நான்தான் அம்மாவை சிகாமட்டிலிருந்து ஓட்டி வந்தேன். வழி நெடுக ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்... வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

சுமைக்கு மட்டுமே கணக்குப் போட்டேன். மாதம் இரண்டு நாள் சுமை. மாதம் பன்னிரண்டு நாள் அம்மா. இந்தக் கணக்குக்கு டிப்ளோமா தேவையில்லை.

அன்று ஒரே நிமிடத்தில் முடிவெடுத்தவன், இன்று அரை மணி நேரமாக இரண்டு வகையையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"எது லா தம்பி? பின்னால ஆள் நிக்குது," என்கிறார் கடைக்காரர்.

இனி செய்யப்போவது:

1. எண்ணெய் வகை நான்கையும் வாங்கி, இன்றே லாபிஸ் போய் மாட்டுவது.

2. அம்மா உட்கார்ந்த பக்கம் அப்பாவை உட்கார வைத்து, சிகாமட் வரை மெதுவாக ஓட்டுவது.

3. எங்கே தூக்கிப் போடுகிறது என்று அவரைக் கேட்பது. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பது.