கல்லுப்பில் வந்த கட்டி

ஆக்ஸா பிளேடை வைத்து ஊறுகாய் டப்பாவின் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார் அம்சவேணி. உள்ளே இருப்பது ஊறுகாய் இல்லை. திருப்பத்தூர் பக்கம் ஏதோ ஒரு மருத்துவமனையில் நேற்று எடுத்த கருப்பை. எடுத்த சூட்டில் வழவழவென்று இருந்ததைக் குறுகிய வாய்க்குள் திணித்து, கெடாமலிருக்க மேலே ஃபார்மலினை ஊற்றி மூடிவிட்டார்கள். இரவெல்லாம் ஊறிக் கெட்டிப்பட்டபின் அது வெளியே வர மாட்டேன் என்கிறது. “உள்ள போறப்போ வெண்ண மாதிரி போவும். வெளிய எடுக்கிறவ எப்பிடியோ போவட்டும்னு வுட்டுட்றாங்க. அத்தன பெரிய ஆஸ்பத்திரி, வாய் அகலமா ஒரு டப்பா வாங்கத் துப்பு கெடயாது!” பிளேடு போகும் வேகத்துக்கு வாயும் போகிறது. வாரத்துக்கு இரண்டு டப்பாவாவது இப்படிக் கழுத்தறுபடுகிறது.

வேலூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் பின்னறை இது. சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுக்கும் குடல்வால், பித்தப்பை, கட்டி எல்லாம் முதலில் வருவது அம்சவேணியின் மேசைக்குத்தான். அவர் அளந்து, அறுத்து, நோய் இருக்கக்கூடிய இடமாகப் பார்த்துச் சின்னச் சின்னத் துண்டுகள் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுகளை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டினால் டாக்டர் எழிலரசி மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்லுவார். “நான் தப்பான எடத்துல துண்டு எடுத்துக் குடுத்தா டாக்டரம்மா இன்னாத்தப் பாப்பாங்க? சொவுத்தையா?” என்பது புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கேட்கும் கேள்வி.

இருபத்தேழு வருடமாக ஃபார்மலின் காற்றில் நின்றதில் அவருக்கு மோப்பம் சுத்தமாகப் போய்விட்டது. வீட்டில் பால் பொங்கித் தீய்ந்தாலும் பக்கத்து வீட்டு ஹலீமா பீ ஓடி வந்து சொன்னால்தான் உண்டு. அளவை சென்டிமீட்டரில் எழுத வேண்டும் என்று சட்டம். அவரோ முதலில் “சப்போட்டா”, “நாட்டு எலுமிச்ச” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேலை எடுப்பார். பேனாவைத் தொட மாட்டார். மை அடுத்த திராவகத்திலேயே கரைந்து நோயாளியின் பேரே இல்லாமல் போய்விடும் என்பதால், எல்லாம் பென்சில்தான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கோபிநாத் என்பவர் ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து அந்த மேசைமேல் வைத்தார். மாதனூர்க்காரர். ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் வேலை. பைக்குள் பாலிதீன் பொட்டலம். அதைப் பிரித்ததும் பொலபொலவென்று வெள்ளையாகக் கொட்டியது.

“இன்னாப்பா இது?”

“எங்க வீட்டுக்காரம்மா தேவிகாவோட கட்டி மேடம். சனிக்கெழம ஆம்பூர்ல ஆபரேஷன் பண்ணாங்க.”

“கட்டி தெரியுது. இந்த வெள்ள இன்னா?”

“கல்லுப்பு மேடம்.”

அம்சவேணி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. சனிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனையில் ஒரு டப்பாவைக் கொடுத்து, வேலூரில் கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பியிருக்கிறார்கள். மூடி லூஸ். பஸ்ஸில் ஃபார்மலின் கசிந்து எல்லார் கண்ணும் எரிய, கண்டக்டர் பள்ளிகொண்டாவில் இறக்கிவிட்டுவிட்டார். இங்கே போன் செய்தால் மூடியாயிற்று, திங்கட்கிழமை வா என்று பதில். நாற்றம் பிடித்த தண்ணீரால்தான் இத்தனை பேஜாரும் என்று முடிவுகட்டிய கோபிநாத், அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கடையில் கல்லுப்பு வாங்கி, தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துவிட்டார்.

“பதினோரு வருசமா பச்சத்தோலுக்கு உப்பு போட்றவன் மேடம் நானு. ஒரு எடம் வுடாம தேச்சிருக்கேன். உப்பு ஜாஸ்தியாத்தான் போட்டேன், கம்மி பண்ணல. மாசக்கணக்கா தோலு கெடாம கெடக்குது, இது ரெண்டு நாளு தாங்காதா?”

“தோலு செருப்பாவணும்ப்பா. இதுவும் செருப்பாவப் போவுதா?”

கோபிநாத்துக்குப் புரியவில்லை. உப்பு தண்ணீரை உறிஞ்சிவிடும். உள்ளேயிருக்கும் செல் எல்லாம் வற்றிச் சுருங்கிவிடும். சுருங்கிய செல்லைப் பார்த்து எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது என்று அம்சவேணி சத்தம் போட்டபோதுதான் அவர் முகம் மாறியது. தேவிகாவுக்கு இருபத்துநான்கு வயது. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். கணையத்தின் வால்பக்கம், மண்ணீரலை ஒட்டி, தேங்காய் அளவுக்குக் கட்டி. கெட்ட சாதிக் கட்டியாக இருந்தால் மாதக்கணக்கில் கடும் மருந்து ஏற்ற வேண்டும். அறுத்தெடுத்ததோடு முடிந்துபோகிற அபூர்வமான வகை ஒன்றும் உண்டு. எது என்று சொல்லவேண்டியது இந்தக் கட்டிதான். இன்னொரு முறை எடுத்துப் பார்க்க அவள் வயிற்றில் வேறு கட்டி இல்லை.

“கெடுத்துட்டேனா மேடம்?” என்றார் கோபிநாத்.

அம்சவேணி நேராகப் போய் மருத்துவமனைக்குப் போன் போட்டு, கிடைத்த நர்ஸைப் பிடித்துக்கொண்டார். “அந்தத் தண்ணிதான் முக்கியம்னு ஒரு வார்த்த அந்தாளுகிட்ட சொன்னீங்களாம்மா? சொல்லல இல்ல? அப்போ அவனுக்கு எப்பிடித் தெரியும்? நீங்களே ஆள் போட்டு அனுப்பறதுக்கு இன்னா கேடு?” அறுத்த கையோடு கட்டியின் நடுவே ஒரு கீறு போட்டிருந்தாலாவது ஃபார்மலின் உள்ளே இறங்கியிருக்கும், அதையும் அந்தச் சர்ஜன் செய்யவில்லை என்பதற்குத் தனியாக ஐந்து நிமிடம்.

பிறகு உப்பைக் கழுவி, நீளக் கத்தியால் கட்டியை இரண்டாகப் பிளந்தார். வெளிப்புறம் செருப்பு வார்போல விறைத்திருந்தது. நடுப்பகுதி குழைந்து கூழாகிவிட்டது. வழக்கமாகப் பத்துத் துண்டு எடுக்கிற இடத்தில் அன்று முப்பத்துநான்கு எடுத்தார். மதியம் சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வசவு. அதில் பாதி சர்ஜனுக்கு, பாதி உப்பைக் கண்டுபிடித்தவனுக்கு.

முதல் இருபது துண்டிலும் ஒன்றும் தேறவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, அம்சவேணிக்குப் பயமாக இருந்தது. இருபத்தாறாவது துண்டில், கட்டியின் தடித்த உறைக்குச் சற்று உள்ளே, உப்பும் எட்டாமல் அழுகலும் எட்டாமல் விரல் அகலத்துக்கு ஒரு வரி பிழைத்திருந்தது. செல்கள் தெளிவாக இருந்தன. டாக்டர் எழிலரசி கூடுதல் சாயங்கள் போட்டு இரண்டு தடவை பார்த்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா அம்சா? அந்த ரெண்டு நாள் வெயிலுக்கு, உப்பும் போடாம வெச்சிருந்தா இதுகூட மிஞ்சியிருக்காது.”

“அத மட்டும் அந்தாளு காதுல போட்றாதீங்க டாக்டர். நாளைக்கு ஆம்பூரே உப்பு மூட்டையோட வந்து நிக்கும்!”

முடிவு வாங்க வந்த கோபிநாத்திடம் டாக்டரே வந்து சொன்னார்: அபூர்வ வகைதான், முழுதாக எடுத்தாயிற்று, மருந்து ஏற்ற வேண்டியதில்லை, அவ்வப்போது வந்து ஸ்கேன் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையைத் தலையை ஆட்டினார் கோபிநாத். உடனே மனைவிக்குப் போன் செய்தார். செய்தாரே தவிர, வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. “இன்னாங்க சொன்னாங்க? அய்யோ, சொல்லுங்களேன்...” என்று போனுக்குள் தேவிகா பதறுவது பின்னறை வரை கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, போனை அப்படியே அம்சவேணியிடம் நீட்டிவிட்டுக் கதவோரம் தரையில் குந்திவிட்டார்.

ஆயிரக்கணக்கான பேரின் வயிற்றுக்குள் இருந்ததையெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தவர் அம்சவேணி. அவற்றில் ஒன்றின் சொந்தக்காரரோடுகூடப் பேசியதில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

“தேவிகாவாம்மா? அழாத. ஒண்ணுமில்ல, எடுத்ததோட முடிஞ்சிது. உம் புருஷன்தான, இருக்கான், இங்கதான் இருக்கான், எங்க போயிடுவான்” என்று எரிச்சலாகப் பேசிக்கொண்டே, தன் ஸ்டூலைக் காலால் கோபிநாத்தின் பக்கம் தள்ளினார்.