கல்லாயும் தண்ணியாயும் நிண்ட நெல்லு

மில்லுக்கு வாற எல்லாருக்கும் அவசரம், நெல்லுக்கு மட்டும் அது கிடையாது. சண்டிலிப்பாயிலை நெல்லுக் குத்துற மில்லொண்டிலை மெசின் பாக்கிறன். வரிசையிலை காய்ஞ்சு என்னைத் திட்டின ஆக்களே, உங்களுக்குத்தான் இது.

ஒரு தட்டு

மேலை ஆளை மூடுற ஆழத்திலை ஒரு தொட்டி, அடியிலை வாய். நெல்லு மழை மாதிரிக் கொட்டும். திடீரெண்டு ஒரு மணியும் விழாது. கீழையிருந்து வாய்க்குள்ளை டோர்ச் அடிச்சுப் பாத்தால், மணியள் ஒண்டையொண்டு முட்டுக் குடுத்து வளைவாய் நிண்டு முழுப் பாரத்தையும் தாங்குதுகள்! முதல்நாள் எனக்கு மெய்சிலிர்த்துப் போச்சு. கட்டையாலை வெளியிலை ஒரு தட்டு, மளமளவெண்டு ஓடிச்சுது.

நெல்லோடை வந்த பூமணி அக்கா சொன்னா: "எங்கடை மனிசனும் இப்பிடித்தான் தம்பி, தட்டினால்தான் அசைவார்."

ஒரு விரல்

வட்டுக்கோட்டையிலையிருந்து வாற கணக்கு மாஸ்டர் ஒருத்தர், வாயை மூடுற தகட்டைத் தானே மெல்ல மெல்லத் தள்ளிப் பாத்தார். ஓட்டம் குறைஞ்சு குறைஞ்சு வந்தது. இன்னும் ஒரு விரல் அகலம் திறந்திருக்கேக்கையே சடாரெண்டு முழுக்க நிண்டிட்டுது. மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"குறைஞ்சு குறைஞ்செல்லோ நிக்குமெண்டு நினைச்சன்! உது சொல்லாமல் கொள்ளாமல் நிக்குது."

சிவம் அண்ணை

என்னோடை வேலை செய்யிற சிவம் அண்ணைக்கு ஒரு பழக்கம். நெல்லு நிண்டால் தொட்டிக்குள்ளை இறங்கி, சீமெந்துத் தரையிலை நடக்கிற மாதிரி நெல்லிலை நடந்து காலாலை மிதிப்பார். போன மாரியிலை ஈரநெல்லு நிண்டுது. அவர் ஏறினதை நான் காணேல்லை. வழமைபோலை கட்டையாலை தட்டிப்போட்டன்.

"ஐயோ, ஆள் தாழுறார்!" எண்டு, தொட்டி விளிம்புக்கு மேலை அண்ணையின்ரை தலை இறங்கிறதைக் கண்ட பூமணி அக்கா வரிசையிலையிருந்து கத்தினா. பாஞ்சுபோய்த் தகட்டை அடிச்சு மூடி, ஏறிப் பாத்தன். தண்ணியாய் ஓடின நெல்லு அந்தக் கணமே கல்லாய் இறுகி, அண்ணையை நெஞ்சுவரை பிடிச்சு வைச்சிருந்தது. நாலு பேர் இழுத்தும் அசையேல்லை. வாளியாலை சுத்தவர அள்ளி அள்ளித்தான் எடுத்தம்.

சாரத்தை உதறிக்கொண்டு அண்ணை கேட்டார்: "கூப்பிட்டனான் தம்பி, உனக்குக் கேக்கேல்லையோ?"

இப்ப இரைச்சல் போடுற மெசினை நிப்பாட்டி, "அண்ணை, கீழை நிலத்திலையோ நிக்கிறியள்?" எண்டு கத்தி, "ஓம்" எண்டு என்ரை காதாலை கேட்டபிறகுதான் தட்டுறன், அதாலை பிந்தினால் நல்லாய்த் திட்டுங்கோ.