ஓரத்து வரிசை

கம்ப்யூட்டர் கெர்னல் கற்பது ரொம்பச் சுலபம் என்று சொல்கிற வீடியோக்காரர் ஒருவர் என் கையில் கிடைத்தால், அவரைக் குன்னூர்ச் சரிவில் இருக்கும் எங்கள் தேயிலை ஃபேக்டரிக்கு இழுத்து வந்து, சூடேறிய இலை மூட்டைக்குள் கையை விடச் சொல்வேன். இரண்டு வருடமாகியும் கோபம் ஆறவில்லை.

இலை எடை போடும் கொட்டகையில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான். பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் நானாகத் தட்டிக் கற்றது. தராசின் எடை கம்ப்யூட்டருக்கு வரும், அது சீட்டு அடிக்கும், சீட்டு இருந்தால்தான் மூட்டை உள்ளே போகும். நத்தை மாதிரி ஓடிய அந்தப் பெட்டியில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றியவனும் நான்தான். ஏற்றியதும் அதன் வயிற்றுக்குள் பார்க்க ஆசை வந்தது. வயிறு என்றால் கெர்னல். எல்லா புரோகிராம்களுக்கும் அடியில் உட்கார்ந்து மெமரி, தராசு, பிரிண்டர் என்று சகலத்தையும் மேய்ப்பது அதுதான்.

வீடியோவைப் பார்த்து, கெர்னலுக்குள் செருகும் மாட்யூல் என்கிற சின்னத் துண்டு புரோகிராம் ஒன்று எழுதினேன். திரையில் 'வணக்கம்' என்று வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இன்னும் பத்து வரி சேர்த்து, கம்ப்யூட்டர் எழும்போதே அது தானாக ஏறும்படி வைத்து, சாப்பாட்டு நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தேன்.

அந்தப் பத்து வரியில் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருந்தேன். சாதாரண புரோகிராமில் இந்தத் தப்பைச் செய்தால் அது மட்டும் சாகும். கெர்னலுக்குள் செய்ததால் பெட்டியே உறைந்தது. அணைத்துப் போட்டால் அதே மாட்யூல் மறுபடி ஏறும், மறுபடி உறையும்.

வெளியே மூட்டைகள் வந்து இறங்கின. வரிசையில் முதல் ஆள், அரை ஏக்கர் தோட்டத்தில் காலையிலிருந்து தானே இலை பறித்துக் கொண்டுவந்த ஒரு பெண்.

"ஏனுங்ணா, இன்னும் எடை போடலீங்களா?"

"கரண்ட் பிரச்சினைங்க அம்மிணி."

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் சுத்துதுங்களே!"

"கம்ப்யூட்டருக்குத் தனிக் கரண்டு போல" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது.

அரைமணி கழித்து யாரும் சிரிக்கவில்லை. கட்டிய மூட்டையில் இலை சூடேறிச் சிவந்துவிடும். அந்தப் பெண் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். "வேகுதுங்ணா" என்றார்.

ஸ்டார்ட் ஆகும்போது பழுது பார்க்கிற முறை ஒன்று வருமென்று தெரிந்து, அதில் நுழைந்து மாட்யூலை அழிப்பதற்குள் சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. இலையின் தரம் பார்க்கிறவர் அந்தப் பெண்ணின் மூட்டையில் பாதியைத் தரையில் கொட்டினார். "செவந்த எல ஆகாது." கொட்டியதை அந்தப் பெண் காலி சாக்கில் அள்ளிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பார்த்த வீடியோக்களையெல்லாம் மறுபடி பார்த்தேன். ஊருக்கு உழைக்கிற பெட்டியில் கையை வைக்காதே என்று ஒரு மகராசனும் சொல்லவில்லை. வணக்கம் வந்ததும் கைதட்டி முடித்துவிடுகிறார்கள். அடுத்த நாள் என்ன ஆகும் என்று எவனும் காட்டுவதில்லை. கேட்காமல் செய்த என்மேலும்தான் எரிச்சல்.

அடுத்த சுற்று இலை பறித்துக்கொண்டு அந்தப் பெண் வந்தபோது உண்மையைச் சொன்னேன்.

"அப்பக் காரணம் கரண்டு இல்லீங்க. நீங்கதான்."

"ஆமாங்க."

"புது மருந்து வந்தா நாங்க தோட்டம் முச்சூடுமா அடிக்கறோம்? ஓரத்து வரிசைல அடிச்சு, செடி கருகுதான்னு பாத்துட்டுத்தானுங்க உள்ள போவோம். இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சீங்க?"

இப்போது என் பழைய லேப்டாப்பில், கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை ஓடவிட்டு அதில்தான் எழுதுகிறேன். தினம் பத்து தடவை சாகிறது. சாகும்போது எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதிவிட்டுச் சாகிறது. அதைப் படித்துத்தான் நான் கற்றதெல்லாம். புதிதாக வருகிறவர்களே, முதலில் உங்கள் ஓரத்து வரிசையைத் தேடுங்கள்.

கொட்டகைப் பெட்டியின் வயிற்றை நான் தொடுவதே இல்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். "செரிங்ணா" என்றார். ஆனாலும் என் கையிலிருந்து சீட்டு வரும்வரை மூட்டையின் வாயை அவர் கட்டுவதில்லை.