பிரெஞ்சு பங்களாவில் ஒரு தீச்சட்டி

சின்னமனூருக்கு மேலே, மலையில் இருக்கும் பழைய பங்களாவுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போவது என் பிழைப்பு. பிரெஞ்சுக்கார துரை ஒருவர் தன் ஊர்ப் பண்ணை வீட்டைப் போலவே கட்டியது. உலகப் போர் சமயத்தில் அவரை நம்பாத இங்கிலீஷ் அதிகாரிகள், போர் முடியும்வரை அந்த வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தார்களாம். அந்தக் கதையைச் சொல்லித்தான் முதலாளி சுந்தரலிங்கம் அறை வாடகை கறந்தார். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காத விருந்தாளியை நான் பார்த்ததே இல்லை.

அங்கே சமையல் பாண்டியம்மாள் அக்கா. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது கண்ணில் தெறித்து அவள் புருஷன் கர்ணனுக்குப் பார்வை போயிற்று. வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக அக்கா நேர்ந்துகொண்டாள், பார்வை திரும்பியது. அதற்குள் கீழே இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, இருவரும் பங்களா வேலைக்கு, அதன் பின்கட்டு அறைக்கே வந்துவிட்டார்கள். திருவிழா வருவது சித்திரையில். மலைக்குக் கூட்டம் வருவதும் சித்திரையில்தான். நேர்த்திக்கடன் வருஷா வருஷம் தள்ளிப்போனது. 2007-இல் கர்ணனுக்கு மறுபடியும் கண் மங்கத் தொடங்க, ஆத்தாளின் கோபம்தான் என்று அக்கா பயந்துபோனாள்.

"ஒரே ஒரு நாளு போயிட்டு வந்துர்றேன் முதலாளி."

"சீசன்ல போறதுன்னா, ரெண்டு பேரும் சாமானையும் தூக்கிட்டே போயிருங்க." மனுஷனா அவர்!

போக்கிடம் இல்லாதவள் என்ன செய்வாள்? கையில் காப்புக் கட்டி, விரதத்தோடு விருந்தாளிகளுக்குக் கோழி வறுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சென்னைப் பெண் ஒருத்தி, "பாவம் அந்த துரை, எப்படித்தான் உள்ளேயே கெடந்தாரோ!" என்று உச்சுக்கொட்டினாள். அக்கா அவளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

திருவிழா அன்று சாயங்காலம் அக்கா மஞ்சள் சேலை உடுத்தி, வேப்பிலையோடு தீச்சட்டியை ஏந்திப் பங்களாவையே சுற்றி வந்தாள். "ஆத்தா, என்னால வர முடியல. இங்கனயே ஏத்துக்க. அவுக கண்ணை மட்டும் பறிச்சுராத!" என்று கதறினாள். விருந்தாளிகள் கேமராவும் கையுமாகப் பின்னால் ஓடினார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

மறுநாள் முதலாளி வந்தார், வாயெல்லாம் பல்.

"பாண்டியம்மா, எல்லாரும் அசந்து போயிட்டாக. சீசன் முடியிறவரைக்கும் தினமும் சாயங்காலம் இதை எடுத்துரு."

அக்கா கொப்புளம் கண்டிருந்த கையை முந்தானைக்குள் மறைத்தாள். கர்ணன் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சரிங்க முதலாளி."

அன்றைக்கும் எடுத்தாள். ஆத்தாளைக் கூப்பிடவில்லை.