சித்தப்பா பொரித்த வான்கோழி

எனக்கு அப்போது எட்டு வயது. லிபெர்த்தாத் தெருவில் அம்மா வீட்டுவேலை செய்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா, நத்தாருக்கென்று ஒரு முழு வான்கோழியை ஐஸ் கட்டியாகவே பையில் போட்டுக் கொடுத்தார். யேசு பிறந்த நத்தார் எங்கள் பண்டிகை இல்லை. ஆனால் இத்தாலியின் பலெர்மோ நகரில் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கிற நாள் அது ஒன்றுதான்.

வெட்டிக் கறி வைப்போம் என்றார் அம்மா. சித்தப்பா விடவில்லை. அவர் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க மீன் பொரிப்பவர். "அண்ணி, இதுவும் செட்டை முளைச்ச மீன்தான். முழுசாப் பொரிச்சுக் காட்டுறன்" என்றார். அவர் வாயில் எதுவும் பாரமாக இருக்காது. இந்த நாட்டில் இருக்க விடும் பெர்மெஸ்ஸோப் பத்திரம் தன்னிடம் இல்லாததைக்கூட, "டிக்கெட் எடுக்காமல் படம் பாக்கிறன், லைற் போட்டால்தான் பிரச்சினை" என்பார்.

எங்கள் வீட்டில் கழுவாத இறைச்சி சட்டிக்குள் போகாது. அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீரில் கழுவினார். வயிற்றுக்குள் ஐஸ் இறுகிக் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மொட்டைமாடியில் காஸ் அடுப்பின்மேல் பெரிய கிடாரத்து எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. சித்தப்பா காலில் பிடித்து, நீர் சொட்டச் சொட்ட இறக்கினார்.

எண்ணெய் எழுந்து நின்றது. அப்படித்தான் நினைவிருக்கிறது. சித்தப்பா வலது கையைப் பார்த்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். முழங்கைவரை தோல் கழன்று தொங்கியது.

பத்திரமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா நம்பினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். கை வீங்கத் தொடங்கியதும் அப்பா தன் பெர்மெஸ்ஸோவை எடுத்துச் சித்தப்பாவின் சட்டைப்பைக்குள் வைத்தார். இருவருக்கும் ஒரே முகவெட்டு. வீட்டில் இத்தாலியன் நன்றாகக் கதைப்பது நான்தான்.

"பிள்ளை, அங்கை போய் இவர் என்ரை அப்பா எண்டு சொல்லோணும். வேறை ஒண்டும் கதைக்காதை" என்றார் அப்பா.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் தன்னிடம் பத்திரமே இல்லையென்றார். அவரிடம் பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். எனக்கு அது கேட்டது, விளங்கவும் செய்தது. ஆனால் வேறொன்றும் கதைக்கக் கூடாதே. எங்கள் முறை வந்தபோது "பப்பா, பப்பா" என்று அழுதேன். அப்பாவின் பெயரையும் பிறந்த திகதியையும் ஒரு பிழையில்லாமல் சொன்னேன்.

கிழமைக்கணக்கில் வைத்திருந்து அனுப்பினார்கள். பஸ்ஸில் சித்தப்பா இடது கையால் என் தலையைத் தடவி, "வக்கீல் மாதிரிக் கதைச்சாய்" என்றார். நான் பெருமையில் நிமிர்ந்திருந்தேன்.

விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர் இவரைத் தெரியவே தெரியாது என்றார். இரண்டு வருடம் கழித்து, இல்லாதவர்களுக்குப் பெர்மெஸ்ஸோ கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. முன்பே இங்கே இருந்ததைக் காட்டத் திகதி போட்ட ஒரு துண்டுக் காகிதம் போதும். ஆஸ்பத்திரித் துண்டென்றால் கேள்வியே இல்லை. சித்தப்பா பலெர்மோவில் ஐந்து வருடம் இருந்ததற்கு ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. அதில் அப்பாவின் பெயர்.

சித்தப்பா பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட காலையில் அம்மா அழுதார், அப்பா சுவரைப் பார்த்து நின்றார். எனக்குக் காரணம் விளங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் நான் சரியாகத்தானே பதில் சொன்னேன்.