பங்களாவும் பிறையும்

வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் பங்களாவில் ஓர் இரவு தங்க வேண்டுமென்றால், ஒரு மாதத்துக்கு முன்பே கொழும்பில் உள்ள வனவிலங்கு இலாகாவுக்கு எழுதிப்போட வேண்டும். எழுதினேன். ஜீப் பக்கத்து வீட்டு நானாவுடையது. மாத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அவர், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள்தான் வர முடியும் என்றார். கலண்டரில் பெருநாள் வெள்ளிக்கிழமை. அதனால் சனிக்கிழமை இரவைக் கேட்டேன். கிடைத்தது.

அரிசி, மண்ணெண்ணெய், படுக்கை விரிப்பு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். மனைவி மூட்டை கட்டி முடித்த வியாழன் மாலை, தெருவே பிறை பார்க்க அண்ணாந்து நின்றது. நானும்தான். மலைக்கு மேல் ஒரே மேகம். பிறை தெரியவில்லை, பெருநாள் சனிக்கிழமை என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள்.

"பெருநாளும் அதுவுமா வீட்ட விட்டுட்டு எப்பிடி மாஸ்டர் வாறது?" என்றார் நானா.

அவரோடு சண்டை பிடிக்கலாமா? மேகத்தோடுதான் பிடிக்கலாமா? மறுநாள் தபால் கந்தோருக்குப் போய்க் கொழும்புக்கு டிரங்க் கோல் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையை வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டதாம்.

சனிக்கிழமை மத்தியானம் நானா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தோடு வந்தார். பிரிக்க மனமில்லாத மூட்டையின் மேலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.

"கவலப்படாதீங்க மாஸ்டர், ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் போவோம். அது பிறை பாத்துப் பத்தாம் நாள்தானே? முந்தியே தெரிஞ்சிரும்."

"பங்களாவுக்கு ஒரு மாசம் முந்தி எழுதணும் நானா" என்றேன், வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டு.