இடது காதும் ஒரு கூடை திருக்கையும்

காசிமேட்டில் இறால் கம்பெனி ஒன்றுக்கு ஏலம் எடுப்பது என் வேலை. சத்தம் போட்டு விலை கேட்க எனக்குக் கூச்சம். விரலைத் தூக்குவேன், ஏலம் விடும் மல்லிகா அக்கா புரிந்துகொள்வார். பல வருடம் அப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை இடது காது அடைத்து இரைந்தது. படகு, கூடை, மல்லிகா அக்கா எல்லாம் சுற்றின. கம்பத்தைப் பிடிக்கக் கையை உயர்த்தினேன். எங்கள் கம்பெனி வாங்கவே வாங்காத திருக்கை மீன் ஒரு கூடை ஏலத்தில் என் தலையில் விழுந்தது.

"இன்னா நைனா, காலைலயே ஏத்திகினு வந்துட்டியா?" என்றார் அக்கா.

பதிலுக்கு வாந்திதான் வந்தது. அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

முதலாளி அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். "திருக்கைய வச்சு நான் என்னவே செய்ய? குடின்னா இன்னையோட நின்னுக்கிடும். சீக்குன்னா டாக்டர் எங்கிட்ட சொல்லட்டும்" என்றார்.

காது டாக்டரம்மா என்னைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டச் சொன்னார். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். மெலிதாகக் கேட்டது. முதல் சத்தத்துக்கே தூக்கினால் ஆசை தெரிந்துவிடும், பக்கத்து ஆள் விலையை ஏற்றிவிடுவான். நன்றாக ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு காதும் மோசம்னு வருது. நான் மெதுவா பேசுறதுக்கெல்லாம் சரியா பதில் சொல்றீங்களே?"

தொழிலைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க போட்டிக்கு யாரும் இல்லைங்க. கேட்ட உடனே தூக்குங்க."

மறுபடி பார்த்ததில் வலது காது சரி. இடது காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள் குறைவாகக் கேட்டன. முன்பும் இரண்டு முறை இப்படிக் காது அடைத்து மணிக்கணக்கில் சுற்றியதைச் சொன்னேன். உள்காதில் நீர் அழுத்தம், மெனியர் நோய் என்றார். மாத்திரை, நல்ல தூக்கம், உப்புக் குறைவு. "முழுசா போயிடும்னு சொல்ல முடியாது. அடக்கி வைக்கலாம். கருவாடு கூடாது."

"நெத்திலிக் கருவாடு?"

"அதுவும் கருவாடுதானே?"

டாக்டரம்மா போனில் சொன்னதை அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். வேலை தப்பியது, ஒரு நிபந்தனையோடு. "இனிமே வெரல் கெடையாது. வாயத் தொறந்து கேளும்."

மறுநாள் கேட்டேன். ஏலக்கூடமே திரும்பிப் பார்த்தது.

"அய்ய, உனுக்கு வாய்கூட கீதா?" என்றார் மல்லிகா அக்கா.

புதிதாக ஏலத்துக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். தலை சுற்றினால் உடனே உட்காருங்கள். கை இரண்டும் மடியில் இருக்கட்டும்.